"ஒரு பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுங்க"

"மேடம், டேட்டா எல்லாம் வந்தாச்சு. ஒரு பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

ஆஸ்பத்திரிகளில் புள்ளியியலாளராக என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் இதுதான். பி வேல்யூ என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். கேட்பவர் பெரும்பாலும் நல்ல டாக்டராகத்தான் இருப்பார். தீசிஸ் கொடுக்கும் தேதி நெருங்கியிருக்கும். 1938-லேயே கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் வந்தால் அவரால் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும் என்று. முதல் நோயாளி வரும் முன்பே எங்களைக் கூப்பிட வேண்டும்.

முன்கூட்டியே திட்டமிட்டு, நடுவில் கை வைக்காமல் இருக்கும் இந்தப் பாடத்தை நான் கற்றது ஆஸ்பத்திரியில் அல்ல. அம்பத்தூரில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு குவாலிட்டி கண்ட்ரோலில் சேர்ந்திருந்தேன். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கடையும் லேத் ஒன்று. அதன் ஆபரேட்டர் கெட்டிக்காரர், பொறுப்பானவர். சிக்கலே அதுதான். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் பிடிப்பார். பத்து மைக்ரான் கூடியிருந்தால் உடனே டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டில் பத்தைக் குறைப்பார். அடுத்த பீஸ் இறங்கி வரும், ஏற்றுவார். எந்த மெஷினுக்கும் இயல்பாகவே கொஞ்சம் ஆட்டம் உண்டு. அதைத் துரத்தித் துரத்தி அவரே பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு ஷிப்ட் கை வைக்காம விட்டுப் பாருங்க" என்றேன். மணிக்கு ஐந்து பீஸ் எடுத்துச் சராசரியை கண்ட்ரோல் சார்ட்டில் குறிப்பது, புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் டூலைப் பார்ப்பது என்று பேச்சு. அளவுகள் முன்பைவிட நெருங்கி வந்தன. "சும்மா இருக்கறதுக்கும் படிச்சிட்டு வரணுமா மேடம்?" என்றார். வரணும்தான்.

அந்த சார்ட்டை 1924-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட். அவருக்கும் முன்னால், டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், கையில் நாலைந்து அளவுகளே இருந்தால் எவ்வளவு துணிந்து பேசலாம் என்று கணக்குப் போட்டு, 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று மருந்து ஆய்வுகளில் போடுகிற டி-டெஸ்ட் அந்த ஆலையின் சரக்குதான். தொழிற்சாலையிலிருந்து மருத்துவத்துக்கு மாறியபோது நான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது நோய்களின் பெயர்களைத்தான்.

டாக்டர்களின் பழக்கமும் அந்த லேத் ஆபரேட்டரின் பழக்கம்தான். முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினால், "மருந்து பிடிச்சிருச்சு, ஆய்வை நிறுத்திடலாமா?" அடுத்த பத்தில் நாலு பேர்தான் என்றால், "டோஸைக் கூட்டலாமா?" ஆஃப்செட்டைத் திருகும் கைதான் இதுவும். அதனால்தான் எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்த நாளில் எதை அளப்பது என்று முதலிலேயே எழுதிவிடுகிறோம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கு விடுகிறோம். டாக்டரிடம் விட்டால், அவரை அறியாமலே தெம்பான நோயாளிக்குப் புது மருந்து போய்விடும்.

இப்படி ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. காசநோய் என்றால் சானடோரியம், ஓய்வு, சத்தான சாப்பாடு என்றிருந்த காலம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் கூடுதல். ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. குலுக்கல் இல்லாமல் இதைச் சொல்லியிருந்தால், லேசான நோயாளிகளைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஒரே வரியில் தள்ளியிருப்பார்கள். உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வர இந்த ஆய்வு வழிவிட்டது.

இந்தியாவில் 2009 ஜூன் முதல், மருந்து ஆய்வுகளை ஆள் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது கட்டாயம். உங்களையோ வீட்டாரையோ ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எத்தனை பேர், எதை அளக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முடிவு வெளியாகும் நாளில், அங்கே எழுதியிருப்பதையும் சொல்லப்படுவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.