வைக்கோலுக்குள் ஒரு கண்ணாடி



களத்தில் கிடக்கிற வைக்கோல், தார் வெட்டிய பிறகு சாய்த்துப் போடுகிற வாழை மரம், ஆலையில் குவிகிற கரும்புச் சக்கை, பருத்திப் பஞ்சு, இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் செல்லுலோஸ். 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி அன்செல்ம் பாயன் இதைப் பிரித்துக் காட்டினார். செடியை நிமிர்த்தி நிறுத்துவது இந்த நார்ப்பொருள்தான். பஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ். வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இந்தச் செல்லுலோசை மிக நுண்ணிய இழையாகப் பிரித்துப் பிசினோடு சேர்த்தால், மறுபக்கம் தெரிகிற தகடு கிடைக்கிறது. "வைக்கோலிலே கண்ணாடியா?" என்று சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

எண்ணெய் பட்ட காகிதம்

கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவும். காரணம் என்ன? காகிதத்தில் நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று இருக்கிறது. ஒளி காற்றிலிருந்து நாருக்கும், நாரிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிப் போகும்போது சிதறிவிடுகிறது. அதனால்தான் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் ஊறியதும் காற்று வெளியேறுகிறது. எண்ணெயும் நாரும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் குறைந்துவிடுகிறது.

எண்ணெய்க்குப் பதிலாக அக்ரிலிக் அல்லது எபாக்ஸி பிசினை ஊற வைத்துக் கெட்டியாக்குகிறார்கள். நாரையும் மிக மிக மெல்லியதாக்கி விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோ மீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோ மீட்டர். இழையின் பருமன் ஒளி அலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், ஒளி அதை அநேகமாகக் கண்டுகொள்ளாமலே போய்விடும். செடியில் உள்ள அடிப்படை இழையின் பருமன் 3 அல்லது 4 நானோ மீட்டர்தான். தலைமுடியின் பருமனில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜப்பானில் செய்த வேலை

ஜப்பான் நாட்டு கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி யானோ குழுவினர் 2005-இல் இப்படி ஒரு தகடு செய்தார்கள். அதற்கு ஒரு வகை பாக்டீரியா உண்டாக்கும் செல்லுலோஸ் இழையைப் பயன்படுத்தினார்கள். பிலிப்பைன்சில் தேங்காய்த் தண்ணீரில் இந்த இனத்து பாக்டீரியாவை வளர்த்துத்தான் 'நாட்டா டி கோகோ' என்ற தின்பண்டம் செய்கிறார்கள். 2009-இல் அதே பல்கலைக்கழகத்தில் வைக்கோலிலிருந்தும் நானோ இழை பிரித்துக் காட்டினார்கள். வைக்கோலில் உள்ள மற்றப் பொருள்களை மருந்து போட்டு நீக்கி, ஈரம் காயாமல் வைத்து, சுழலும் இரண்டு கல்லுக்கு நடுவே அரைத்தார்கள். நம்ம மாவு மில் மாதிரிதான்! நடுவில் காய்ந்துவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிப்பது கஷ்டம். கடைசியில் கூழ் போன்ற ஒரு பொருள் கிடைக்கிறது.

என்ன குணம், என்ன பயன்?

மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துப் பிசைகிறோம் அல்லவா? மண் தனியாக இருந்தால் வெடிக்கும். வைக்கோல் பிடித்து நிறுத்துகிறது. பிசினுக்குள் நானோ இழை செய்வதும் அதே வேலைதான். 2005-இல் செய்த தகடு, உறுதியான பிளாஸ்டிக் வகைகளைப் போல் ஐந்து மடங்கு வலிமை காட்டியது.

இன்னொரு குணமும் உண்டு. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூடாக்கித்தானே மாட்டுவோம்? சூட்டில் இரும்பு விரிகிறது. பிளாஸ்டிக் அதைவிட அதிகமாக விரியும். இந்தத் தகடோ இரும்பைவிடவும் குறைவாகத்தான் விரிகிறது. அதனால் வளைக்கக்கூடிய டி.வி. திரைக்கும், சூரிய மின்தகட்டுக்கும் அடித்தாளாக ஆகுமா என்று ஆராய்கிறார்கள். நானோ இழையைத் தாளாக்கினால் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தடுப்பதால், உணவுப் பொட்டலத்துக்கும் முயற்சி நடக்கிறது.

குறைகளும் உண்டு

செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்டால் வலிமையும் தடுப்புத் திறனும் குறையும். அரைக்க நிறைய மின்சாரம் வேண்டும். வைக்கோலில் மணல் சத்தாகிய சிலிக்கா இருப்பதால் சுத்தப்படுத்துவது சிரமம். நார் மண்ணில் மக்கும். அதோடு சேர்த்த எபாக்ஸி பிசின் மக்காது. ஆகவே, "மக்கும் கண்ணாடி" என்று யாராவது விற்றால், எந்தப் பிசின் சேர்த்தது என்று கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் மும்பை மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் நானோ செல்லுலோசுக்கு ஒரு முன்னோடி ஆலை அமைத்தார்கள். ஆனால் முன்னோடி ஆலை வேறு, ஊர் வைக்கோலை எல்லாம் வாங்குகிற ஆலை வேறு. "வைக்கோல் தங்கமாகப் போகிறது, இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். வாங்குபவர் யார், என்ன விலை, எழுத்தில் தருவாரா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்துப் பார்க்கவும் வேண்டாம். கண்ணும் தோலும் வெந்துவிடும்.

இன்றைக்கே கைக்கு எட்டுகிற வழிகள் உண்டு. வைக்கோல் முதலில் மாட்டுக்கு, மிச்சம் மண்ணுக்கு. எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும். வாழை மட்டையை வாய்க்காலில் தள்ளாமல், அருகில் நார் எடுப்பவர்கள் இருந்தால் விசாரியுங்கள். பயிர்க்கழிவு குப்பையல்ல, சரக்கு. அதை இன்று காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தான், நாளைக்கு ஆலை வரும்போது விலை பேசவும் தெரியும்.