தேம்ஸ் நதியில் ஒரு மாலை விருந்து

“ஐயா, இந்த ஆறு என்றைக்காவது நல்ல ஆறாக மாறுமா?”

நம் கல்லூரிக்கு வரும் வழியிலுள்ள பாலத்தில், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என்னுடன் நடந்து வந்த மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நான் புவியியல் கற்பிப்பவன். ஆறுகளின் நீளத்தையும் வடிநிலப் பரப்பையும் தடையின்றிச் சொல்லத் தெரிந்த எனக்கு, இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. “முயன்றால் முடியும்” என்று பொதுப்படையாகச் சொல்லி நழுவிவிட்டேன். அதற்குரிய விடை, நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு சாப்பாட்டு மேசையில் எனக்குக் கிடைத்தது.

கோடை விடுமுறையில் இலண்டனிலுள்ள என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் மாப்பிள்ளை, “மாமா, இன்று இரவுச் சாப்பாடு தேம்ஸ் நதியில்” என்றார். “வீட்டில் சாப்பிட்டால் செரிக்காதா?” என்று கேட்டேன். கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டேன். அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதிலிருந்தே அதன் அளவை ஊகித்துக்கொண்டேன்.

நதியில் மெல்லச் செல்லும் கப்பலில் அமர்ந்து, நகரின் காட்சிகளைக் கண்டவாறே மூன்று மணி நேரம் உணவருந்துவதே இந்த விருந்துப் பயணம். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இது பெரிய தொழிலாகவே நடைபெறுகிறது. பார்ப்பதற்கு வெறும் ஆடம்பரமாகத் தோன்றும் இதன் அடியில், அறிவியலும் வரலாறும், ஓரளவு கண்ணீரும் உள்ளன. அவற்றை நம் மாணவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசரின் படகும் அலையின் உதவியும்

இவ்வழக்கம் புதிதன்று. 1717ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று மாலை, முதலாம் ஜார்ஜ் மன்னர் ஒயிட்ஹால் பகுதியிலிருந்து செல்சி வரை தேம்ஸில் படகில் சென்றார். உடன் வந்த மற்றொரு படகில் 50 இசைக் கலைஞர்கள் அமர்ந்திருந்தனர். இசைமேதை ஹாண்டெல் இயற்றிய ‘நீர் இசை’ அன்றுதான் அரங்கேறியது. மன்னர் அதை மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். செல்சியில் இரவு உணவு உண்டு, நள்ளிரவுக்குப் பின் திரும்பினார்.

இதில் புவியியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செல்சி, ஒயிட்ஹாலுக்கு மேற்கே, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் உள்ளது. ஆயினும் அரசரின் படகைத் துடுப்பு போட்டுச் செலுத்த வேண்டிய தேவை அநேகமாக ஏற்படவில்லை. ஆறே அதை மேல்நோக்கிச் சுமந்து சென்றது. எப்படி?

இலண்டனில் தேம்ஸ் பாதி ஆறு, பாதி கடல் எனலாம். கடலின் ஓதம் நகரைத் தாண்டி மேற்கே டெடிங்டன் என்னும் ஊர் வரை ஏறுகிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீர் மேல்நோக்கி ஏறும். பிறகு கீழ்நோக்கி வடியும். நகரின் நடுவே நீர்மட்டம் ஒரே நாளில் 7 மீட்டர் வரைகூட ஏறி இறங்குவதுண்டு. ஏறத்தாழ இரண்டு மாடி உயரம்!

ஆகையால் கப்பல்துறையை அங்கே கல்லால் கட்டி நிலையாக நிறுத்தவில்லை. அது ஒரு மிதக்கும் மேடை. நீருடன் சேர்ந்து உயர்ந்து தாழும். கரையையும் மேடையையும் ஒரு சாய்வுப் பாலம் இணைக்கிறது. நாங்கள் ஏறியபோது அப்பாலம் ஏறக்குறையச் சமதளமாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மலைப்பாதையில் ஏறுவதுபோல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. நான் வகுப்பில் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருந்தாலும், ஓதம் என்பதை என் முழங்கால்கள் அன்றுதான் புரிந்துகொண்டன.

கப்பலின் அமைப்பு

விருந்துக் கப்பல் உயரமின்றி, அகன்றும் தட்டையாகவும் இருக்கும். பாலங்களின் அடியில் நுழைந்து செல்ல வேண்டும் என்பதே இதற்குக் காரணம். புகழ்பெற்ற டவர் பாலம் (1894) பெரிய கப்பல்களுக்காக நடுவே பிளந்து மேலெழும். அதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். எங்கள் கப்பலுக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை; மூடிய பாலத்தின் கீழாகவே சென்றோம். பக்கங்களும் கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடி. கப்பல் மெல்லச் சென்றதால் கோப்பையிலிருந்த நீர்கூடத் தளும்பவில்லை. விரைவுப் படகொன்று அருகே கடந்து சென்றபோது மட்டும் மேசையிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் ஒருமுறை கிணுகிணுத்து ஓய்ந்தன.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் ரொட்டியும் வெண்ணெயும், பிறகு சூப்பு, அடுத்து முக்கிய உணவு, இறுதியில் இனிப்பும் காப்பியும். மரக்கறி உணவு கேட்ட எனக்குக் காளான் கிடைத்தது. உப்பும் காரமும் நம் நாக்குக்குப் போதவில்லை. ஆனால் அவ்வளவு சிறிய சமையலறையிலிருந்து, நூறு பேருக்கு மேல் அமர்ந்திருந்த மேசைகளுக்கு ஒரே சமயத்தில் சூடாக உணவு வந்த ஒழுங்கு வியக்கத்தக்கது. கழிவறை நீர் ஆற்றில் விடப்படுவதில்லை என்றும், தொட்டியில் சேர்த்துக் கரையில் இறக்கப்படுகிறது என்றும் ஒரு பணியாளர் சொன்னார். நான் கேட்ட கேள்வியை இதற்குமுன் எந்த விருந்தாளியும் கேட்டதில்லையாம்!

மே மாதத்தில் அங்கே ஒன்பது மணிவரை வெளிச்சம் உண்டு. பொழுது சாய்ந்தபின் விளக்குகள் ஒளிர்ந்தன. 9 பாலங்களுக்கு 2019 முதல் 2021 வரை புதிய ஒளியமைப்புச் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கட்டுமானப் பணியில் பெண்கள் பெரும்பங்கு ஆற்றிய வாட்டர்லூ பாலம், நீரில் தன் நிழலைப் பார்த்தபடி நின்றது.

நாறிய நதி

வடகரை நெடுகக் கருங்கல்லாலான கரைச்சுவர் செல்கிறது. அதில் வரிசையாக வெண்கலச் சிங்கமுகங்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வளையம். நீர் சிங்கத்தின் வாயைத் தொட்டால் நகரத்துக்கு ஆபத்து என்பது அவ்வூர் வழக்கு. “வெறும் அலங்காரம் என்று நினைத்தேன், அப்பா” என்றாள் மகள். அது அலங்காரமன்று. அந்தச் சுவருக்குப் பின்னே ஒரு மாபெரும் சாக்கடை ஓடுகிறது. அதைக் கட்டியதால்தான் நாங்கள் அங்கே மூக்கைப் பொத்தாமல் சாப்பிட முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனின் கழிவு முழுவதும் தேம்ஸில்தான் விழுந்தது. குடிநீரில் பெரும்பகுதியும் அதே ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1832, 1849, 1854 ஆகிய ஆண்டுகளில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காலரா அசுத்த நீரால் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் சான்றுடன் காட்டியும் பலர் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கடுமையாகி, ஆறு தாங்க முடியாமல் நாறியது. ஆற்றங்கரையிலுள்ள நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டார்கள், பயனில்லை. ஏழைகளின் மூக்கை எட்டியபோது நடவாத காரியம், உறுப்பினர்களின் மூக்கை எட்டியதும் நடந்தது. சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. வரலாற்றில் இது ‘பெருநாற்றம்’ எனப்படுகிறது.

பணியை ஏற்றவர் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட். ஆற்றை நோக்கிச் சென்ற சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, கழிவைக் கிழக்கே கொண்டுசெல்லும் பெரிய செங்கல் கால்வாய்களை அமைத்தார். பிரதான கால்வாய்களின் நீளம் மட்டும் ஏறத்தாழ 132 கிலோமீட்டர். அவற்றுள் ஒன்றுக்கு இடமளிக்கவே ஆற்றின் ஓரத்தை ஒடுக்கி, 1870இல் முடிவுற்ற விக்டோரியா கரைச்சுவர் எழுந்தது. காலரா இலண்டனை விட்டு நீங்கியது. ஆயின் கழிவு எங்கே போயிற்று? நகருக்குக் கிழக்கே, வடகரையிலும் தென்கரையிலுமாக இரண்டு இடங்களில், சுத்திகரிக்கப்படாமல் அதே ஆற்றில் கொட்டப்பட்டது. சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

இரண்டு துயர இரவுகள்

அதன் விலையை அறிய நீண்ட காலம் ஆகவில்லை. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாலை, ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற உல்லாசப் படகு, கடற்கரைக்குச் சென்ற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இலண்டன் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ‘பைவெல் காசில்’ என்னும் நிலக்கரிக் கப்பல் மோதியது. சில நிமிடங்களில் படகு பிளந்து மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோதல் நடந்த இடமோ, கழிவு கொட்டப்படும் வாயில்களுக்கு அருகில்! சற்று முன்புதான் அன்றைய கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தித் தப்பியவர்களில் சிலரும் பின்னர் நோயுற்று இறந்தனர். இதன் பின்னரும் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. 1887இல்தான் கழிவின் திடப்பொருளைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். சிக்கல் மீண்டும் ஓரடி நகர்ந்தது. அவ்வாறு கடலில் கொட்டுவது 1998இல்தான் நின்றது.

இரண்டாவது துயரம் அண்மைக் காலத்தது. 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் பின்னிரவில், ‘மார்ஷனஸ்’ என்ற சிறு கப்பலில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. ‘போபெல்’ என்னும் மணல் அள்ளும் கப்பல் அதன்மீது மோதியது. 51 பேர் மடிந்தனர், பெரும்பாலோர் இளைஞர்கள். எங்கள் கப்பல் அவ்விடத்தைக் கடந்தபோது மேசைகளில் இனிப்பு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. கரையிலுள்ள சதக் பேராலயத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. இந்த விபத்தின் தொடர்பான விசாரணைகளுக்குப் பிறகு, 2002இல் தேம்ஸ் ஆற்றில் 4 உயிர்காப்புப் படகு நிலையங்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்று இன்று வாட்டர்லூ பாலத்தருகே மிதக்கிறது.

நாங்கள் ஏறும்போது ஓர் இளைஞர் வாயிலில் நின்று, ஒவ்வொருவராக எண்ணி, கையிலிருந்த சிறு கருவியை அழுத்திக்கொண்டே இருந்தார். புறப்படுமுன் உயிர்காப்பு உடைகள் இருக்குமிடத்தை அறிவித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை, நான் உட்பட. சதக்கைக் கடந்த பிறகுதான் அந்த எண்ணிக்கையின் பொருள் எனக்கு விளங்கியது.

மாணவருக்கு விடை

1957இல் தேம்ஸின் நகர்ப்பகுதி உயிரற்ற ஆறு என்று ஆய்வாளர்கள் கூறினர். போரின் குண்டுகளும், சுத்திகரிப்பு நிலையங்களைக் கவனியாது விட்டதும் அதற்குக் காரணங்கள். அதன்பின் அந்நிலையங்களை விரிவாக்கி, கழிவை உண்மையிலேயே சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். 1974இல் சால்மன் மீன் ஒன்று ஆற்றில் அகப்பட்டது; ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின் வந்த விருந்தாளி! இன்று அதன் ஓதப் பகுதியில் 100க்கு மேற்பட்ட மீனினங்கள் காணப்படுகின்றன. ஆயினும் பணி முடியவில்லை. கனமழையில் பழைய கால்வாய்கள் நிரம்பி ஆற்றில் வழிந்ததால், 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் உள்ள புதிய சுரங்கம் ஒன்றைத் தோண்டி, 2025இல் முழுமையாக இணைத்தார்கள். அது பெரும்பாலும் ஆற்றின் அடியிலேயே செல்கிறது. நாங்கள் உண்டுகொண்டிருந்த இடத்துக்கு மேலே நிலா, கீழே சாக்கடை!

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, மாறும். ஆனால் ஒரே திட்டத்தால் மாறாது. ஒரு தலைமுறையிலும் மாறாது. பணமும் பொறியியலும் நிறைந்த ஊருக்கே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கழிவை நம் கண்ணுக்கு மறைவாக அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவதைத் தூய்மை என்று நினைத்த காலமெல்லாம் அங்கேயும் வீணாயிற்று; அறுநூறு உயிர்கள் போயின. தள்ளுவதை விட்டுச் சுத்திகரிக்கத் தொடங்கிய பின்னரே மீன் திரும்பியது. மீன் திரும்பிய ஆற்றில்தான் மனிதனும் இலை போட்டு உட்கார முடியும்.

கப்பலிலிருந்து இறங்கி, செங்குத்தாகிவிட்ட அந்தச் சாய்வுப் பாலத்தில் மூச்சு வாங்க ஏறியபோது, மாப்பிள்ளை கேட்டார்: “சாப்பாடு எப்படி, மாமா?”

“ஆறு நன்றாக இருந்தது” என்றேன்.