மருந்தேற்றிய மரவேலியின் குறைகள்

பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, டில்லியிலும் நாகபுரியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குவாஹாத்தியிலும் குடியேறிய நம்மவருள் பலர் இன்று சொந்த மனையும் சொந்தக் கடையும் உடையவர்களாய் வாழ்கின்றனர். மனை என்றால் அதற்கு எல்லை வேண்டும். எல்லை என்றால் வேலி வேண்டும். ஊரில் இருந்தபொழுது கிளுவையை நட்டு வேலி வளர்த்தோம். பனைமட்டையை வரிந்து கட்டினோம். அது இற்றுப்போனால் வேறு மட்டை கட்டினோம், பழையதை அடுப்பிலிட்டோம். அதில் யாதொரு தீங்கும் இருக்கவில்லை.

குடிவந்த ஊரிலோ, மரக்கடையில் அடுக்கிவைத்திருக்கும் பச்சைச் சாயல் ஓடிய பலகைகள் நம் கண்ணைக் கவர்கின்றன. "இது மருந்து ஏற்றிய மரம். கறையான் தொடாது, பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை" என்று வியாபாரி சொல்கிறார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. எஞ்சிய பகுதியை ஆராய்ந்து அறிந்துகொண்டபின் பணத்தை எடுப்பது நலம்.

முதலில் மரத்திற்கு மருந்து ஏற்றுவது எதற்காக என்பதைப் பார்ப்போம். வெட்டிய மரத்திற்குப் பகைவர் இருவர். ஒருவர் கறையான், வண்டு முதலிய பூச்சியினம். மற்றொருவர் ஈரத்தில் பிறந்து மரத்தை உண்டு இற்றுப்போகச் செய்யும் பூஞ்சையினம். தேக்கு, சால் போன்ற மரங்களின் வயிரப்பகுதி இவ்விருவரையும் நெடுங்காலம் தடுத்து நிற்கும். பைன் போன்ற மென்மரங்களுக்கும், எந்த மரமாயினும் அதன் புறத்தே உள்ள வெளிறு எனப்படும் வெள்ளைப் பகுதிக்கும் அத்தகைய ஆற்றல் கிடையாது. அந்தக் குறையை நிரப்பவே மருந்து வந்தது.

1838-ஆம் ஆண்டில் ஜான் பெத்தெல் என்னும் ஆங்கிலேயர் ஒரு முறைக்கு உரிமம் பெற்றார். மூடிய இரும்புக் கலத்தில் மரத்தை இட்டு, அதன் நுண்ணறைகளில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு பேரழுத்தத்தில் மருந்தை உட்செலுத்துவதே அம்முறை. பின்னர் 1933-ஆம் ஆண்டில், டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞர், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் சேர்மங்களையும் நீரில் கரைத்து ஒரு மருந்தைக் கண்டார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும்; ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும்; குரோமியம் இவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து நிறுத்தும். 'ஆஸ்கு' என்ற பெயரில் வழங்கிய இம்மருந்து உலகெங்கும் பரவியது. தந்திக் கம்பங்களுக்கும் மின் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் அது நீண்ட ஆயுளைத் தந்தது. நம் நாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றிய இக்கண்டுபிடிப்பைப் பற்றி நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்த ஆர்சனிக் நாம் பாஷாணம் என்று அழைக்கும் நஞ்சின் மூலப்பொருள் என்பதை மறத்தலாகாது.

இனி குறைகளுக்கு வருவோம். முதற்குறை, மருந்து மரம் முழுவதும் பாய்வதில்லை என்பது. வெளிற்றுப் பகுதி மருந்தை எளிதில் ஏற்கும். வயிரப்பகுதி பெரும்பாலும் ஏற்காது. எனவே தடித்த கம்பம் ஒன்றை எடுத்துக்கொண்டால், சுற்றிலும் மருந்தேறிய ஒரு கூடும், நடுவே மருந்தேறாத ஓர் உள்ளும் இருக்கும். கூடு முழுமையாய் இருக்கும்வரை அச்சமில்லை. ஆனால் வேலி அமைக்கும் தச்சர் அளவுக்கேற்பக் கம்பத்தை அறுக்கிறார்; துளையிடுகிறார்; முனையைச் சீவிக் கூராக்குகிறார். ஒவ்வொரு வெட்டும் பகைவனுக்குத் திறந்துவிட்ட வாயிலாகும். அறுத்த முனையை மண்ணுக்குள் புதைத்துவிட்டால், மேலே பச்சையாய் உறுதியாய்த் தோன்றும் கம்பம், தரைமட்டத்துக்குக் கீழே சில ஆண்டுகளில் உள்ளீடற்றுப் போகிறது. ஒருநாள் பெருங்காற்றில் வேலி சாய்ந்த பிறகே உடையவர் அதனை அறிகிறார்.

இரண்டாம் குறை, 'மருந்தேற்றியது' என்ற ஒரே சொல் பல பொருள்களில் வழங்குவது. அழுத்த முறையில் மருந்து ஏற்றிய மரமும் அப்பெயர் பெறுகிறது. தூரிகையால் மேலே பூசியதும் அப்பெயரே பெறுகிறது. பூச்சு தோலோடு நின்றுவிடும்; வெடிப்பு விழுந்தவுடன் அதன் காவல் முடிந்தது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த மருந்தும் உண்டு. வீட்டினுள் இருக்கும் மரச்சாமானுக்கு அது ஏற்றது. ஆனால் மழையில் நனையும் வேலியிலிருந்து அது கரைந்து வெளியேறிவிடும்.

வாணிகம் செய்வோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது மற்றொன்று. இறக்குமதிச் சரக்குகளோடு வரும் மரத்தட்டுகளைப் பிரித்து, மலிவாக வேலிப்பலகை செய்கிறார்கள். அவற்றில் 'எச்.டி.' என்ற முத்திரை காணப்படும். மரத்தின் உட்பகுதிவரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சிகளைக் கொன்றார்கள் என்பதே அதன் பொருள். ஒரு நாட்டின் பூச்சி மற்றொரு நாட்டுக்குப் போகாமல் தடுக்கச் செய்யும் ஏற்பாடு அது. நாளை வரும் கறையானையோ பூஞ்சையையோ தடுக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. 'எம்.பி.' என்ற முத்திரை இருந்தாலோ, அது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகையூட்டிய மரம் என அறிக.

மூன்றாம் குறை நீரைப் பற்றியது. மருந்து பூச்சியைத் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது. ஈரத்தை ஏற்றால் மரம் விரியும், இழந்தால் சுருங்கும். இந்தியத் தரநூலாகிய ஐ.எஸ். 287, காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நம் நாட்டை 4 மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு மண்டலம் மரத்தில் இருக்கத்தக்க ஈரத்தின் அளவை வேறுபடுத்திக் கூறுகிறது. டில்லியில் வாழ்வோர் இதனை அனுபவத்தில் அறிவர். மே மாதத்து 'லூ' என்னும் அனற்காற்று பலகையை உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. ஜூலை மாதத்து மழை அதே பலகையை ஊறச் செய்கிறது. அழுத்தக் கலத்திலிருந்து ஈரத்தோடு வெளிவந்த மரத்தை உலரவிடாமல் அறைந்துவிட்டால், பலகை முறுக்கிக்கொள்ளும். பலகைக்கும் பலகைக்கும் இடையே சந்து விழும். வாயிற்கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடாது. வெயில் பட்டுப் பட்டு மேற்புறம் சாம்பல் நிறமாய் மாறும். வண்ணம் பூசலாமெனில், மரம் உலரும்வரை அதற்கும் காத்திருக்க வேண்டும்.

நான்காம் குறை ஆணியில் இருக்கிறது. செம்பின் சேர்மம் நிறைந்த மரம், ஈரம் பட்ட பொழுது, அதில் அறைந்த இரும்பை அரிக்கிறது. ஆர்சனிக்கை நீக்கிவிட்டு அதற்கு ஈடாகச் செம்பை மிகுதியாகச் சேர்த்த புதிய மருந்துகளில் இவ்வரிப்பு இன்னும் அதிகம். பலகை நன்றாயிருக்க, ஆணி துருவேறி அற்று, பலகை கழன்று விழுகிறது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணியோ, துருப்பிடியா எஃகு ஆணியோதான் ஏற்றது. அதன் விலை சாதாரண ஆணியின் விலையைவிட மிகுதி. வேலியின் செலவைக் கணக்கிடும்பொழுது பெரும்பாலோர் இதனைச் சேர்ப்பதில்லை.

இதுவரை கூறியவை பொருட்சேதம் பற்றியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது.

ஆர்சனிக் கலந்த மருந்து மரத்தோடு பிணைந்து நிற்கிறது என்றோம். பெரும்பகுதி நிற்கும், சிறுபகுதி மழையில் கரைந்து கம்பத்தின் அடிமண்ணில் சேரும். வேலியோரத்தில் அவரைக்கொடி படரவிடுவதும், கறிவேப்பிலைக் கன்று நடுவதும், கீரை விதைப்பதும் நம்மவர் எங்குச் சென்றாலும் விடாத வழக்கம். ஆர்சனிக் மரத்தாலான வேலியாயின், அதன் அடியை ஒட்டி உண்பதற்குரியவற்றை, அதிலும் கிழங்கு வகைகளையும் கீரையையும், பயிரிடுதல் தகாது. சிறுவர் அம்மரத்தைத் தொட்டு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்பதும் தகாது. இக்காரணங்களை எண்ணியே, அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு இம்மருந்தேற்றிய மரத்தைச் செய்வதை நிறுத்தினார்கள். ஐரோப்பிய நாடுகள் 2004-இல் கட்டுப்பாடு விதித்தன. நம் நாட்டில், ஐ.எஸ். 401 என்னும் தரநூலின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பில் இம்மருந்துக்கு இடமுண்டு. ஆகவே வாங்குவோர்தாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெருந்தீங்கு நெருப்பில் இருக்கிறது. வடநாட்டுக் குளிர் நம்மவருக்குப் புதிது. மார்கழி, தை மாதங்களில் அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் அமர்ந்திருக்கும். கடைவாயிலில் காவலாளி சுள்ளி மூட்டிக் குளிர் காய்வார். பழைய வேலியின் உடைந்த பலகை மூலையில் கிடந்தால், கை தானாக அதை எடுத்து நெருப்பிலிடும். ஊரில் பனைமட்டையை எரித்த பழக்கம் அது. ஆனால் இந்தப் பலகையை எரித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு மூச்சில் கலக்கும். பெரும்பகுதி சாம்பலில் தங்கும். நெருப்பு மரத்தைத்தான் அழிக்கிறது, நஞ்சை அழிப்பதில்லை. மாறாக, மரத்தோடு பிணைந்திருந்த நஞ்சைப் பிரித்து, காற்றில் பறக்கும் துகளாக்கித் தருகிறது. அச்சாம்பலை எருவென்று செடிக்கு இடுவோரும், பாத்திரம் துலக்க எடுப்போரும் அறியாமலே தீங்கைத் தேடிக்கொள்கின்றனர்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர்க் குடும்பம் ஒன்றின் வரலாறு 1984-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. எட்டுப் பேர் கொண்ட அக்குடும்பம் குளிர்காலத்தில் மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பிலிட்டு வீட்டைச் சூடாக்கியது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அவர்களுக்குத் தோல் நோயும் மூச்சுக் கோளாறும் கண்டன; மயிர் உதிர்ந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு துன்புற்ற பின்னரே காரணம் அவ்வடுப்பில் இருப்பது தெளிவாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அது இதுதான்.

ஆயின் பழைய வேலியை என் செய்வது? எரிக்கக் கூடாது, உரக்குழியில் இடக் கூடாது, அதன் தூளை மாட்டுக் கொட்டகையிலோ கோழிக் கூண்டிலோ பரப்பக் கூடாது, விறகென்று பிறருக்குக் கொடுத்தலும் கூடாது. தனியே கட்டிவைத்து, இன்ன மருந்தேற்றிய மரம் என்று சொல்லி, நகராட்சியின் கழிவுத் துறையிடம் ஒப்படைப்பதே முறை. வாங்கும்பொழுது எவரும் எண்ணிப்பாராத இப்பொறுப்பு, வேலியின் ஆயுள் முடிவில் நம் தலையில் வந்து சேர்கிறது. வேலி வாங்கிய விலையோடு அதன் கணக்கு முடிவதில்லை.

இவ்வளவும் கூறியதால் மருந்தேற்றிய மரத்தை அறவே ஒதுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அறிந்து வாங்கவேண்டும் என்பதே கருத்து. எந்த மருந்து, எம்முறையில் ஏற்றியது, ஒரு கன மீட்டர் மரத்தில் எத்தனை கிலோகிராம் தங்கியிருக்கிறது, மண்ணில் புதைக்கத் தக்கதா அன்றி மண்ணுக்கு மேல் மட்டும் பயன்படுவதா என்ற வினாக்களை வியாபாரியிடம் கேட்போம். விடையை எழுத்தில் பெறுவோம். பச்சை நிறத்தைச் சான்றாகக் கொள்ளவேண்டாம். நிறத்தைச் சாயத்தாலும் தரலாம். வெட்டிய முனைகளுக்கு மீண்டும் மருந்து பூசி, வெட்டாத முனையையே மண்ணில் இறக்கச் செய்வோம். அறுக்கும் தச்சர் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திறந்த வெளியில் வேலை செய்யட்டும். தூளைத் திரட்டி எடுத்துவிடட்டும்.

இவற்றினும் எளிய வழி ஒன்றும் உண்டு. வேலியில் முதலில் கெடுவது மண்ணில் நிற்கும் கால். அக்காலைக் கல்லாலோ கான்கிரீட்டாலோ அமைத்துவிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே மரப்பலகையைப் பொருத்தினால், மருந்துக்குரிய தேவையே பெரிதும் குறைந்துவிடும். பெங்களூர்ப் பக்கத்தில் கருங்கல்லைப் பிளந்து நாட்டிய வேலிக்கால்கள் தலைமுறை கடந்து நிற்பதைக் காணலாம். டில்லி முதலிய இடங்களில் மருதாணி வளர்த்துக் கத்தரித்துவிட்ட உயிர்வேலிகள் இன்றும் உண்டு. அதற்குத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும், மருந்து வேண்டா.

எந்த வேலியாயினும், நடும் நாளில் கேட்கவேண்டிய கேள்வி, இது எத்தனை ஆண்டு நிற்கும் என்பது மட்டுமன்று; விழுந்த பின் இதனை எங்கே போடுவோம் என்பதும் ஆகும். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தவர் துணிந்து வாங்கலாம். ஏற்கெனவே இத்தகைய வேலி உடையவர்கள், இவ்வாண்டுக் குளிர் தொடங்குமுன், மூலையில் கிடக்கும் பழைய துண்டுகளை விறகுக் குவியலிலிருந்து பிரித்துத் தனியே வைப்பார்களாக.