மந்திரவாதியின் புத்தகம்: வாசிப்பு, மறதி, உடைமை

மந்திரவாதி என்றதும் நம் மனசில் வருகிற உருவம் உச்சாடனம் செய்கிறவனுடையது. வாய் முணுமுணுக்கும், கை அசையும், கண் சிவக்கும். கையில் புத்தகம் இருக்காது. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டின் மந்திரவாதி வேறு மாதிரி ஆள். அவன் முதலில் ஒரு வாசகன். புத்தகம் பறிபோனால் அவன் கதை கிட்டத்தட்ட முடிந்தது. இந்த ஒரு விதிக்குள் எழுத்து, அறிவு, உடைமை பற்றிய ஒரு கோட்பாடே ஒளிந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளிவந்தது இது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்துகிறார்கள். ஒருவர் நடத்துநர், உலகத்தைச் சொல்பவரும் விதிகளைக் கவனிப்பவரும் அவர்தான். முடிவு தெரியாத இடத்தில் பகடை தீர்மானிக்கும். ஆக, இங்கே பேச்சுதான் பிரதி. அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு புத்தகம் உட்கார்ந்திருப்பதுதான் விசேஷம்.

பழைய விதி ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரிடமிருந்து வந்தது. 1950இல் வெளியான அவருடைய 'டையிங் எர்த்' கதைகளில் மந்திரத்தை மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிரயோகித்த கணமே அது மனசைவிட்டு அழிந்துபோகும். விளையாட்டு இதை அப்படியே எடுத்துக்கொண்டது. மந்திரங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை படிநிலைகள். தூங்கி எழுந்து, புத்தகத்தைத் திறந்து மனப்பாடம் செய்ய வேண்டும். 1989ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு படிக்குப் பத்து நிமிஷம். தீயுருண்டை மூன்றாம் படி மந்திரம். அரைமணி நேரம் படித்தால் ஒரே ஒரு தடவை வீசலாம். இரண்டு தடவை வேண்டுமா, இரண்டு தடவை மனப்பாடம் செய். நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து.

'படித்தவன்' என்ற சொல்லை நாம் இறந்த காலத்தில் வைத்திருக்கிறோம்; ஒருமுறை படித்துவிட்டால் ஆயுசுக்கும் அவன் படித்தவன். இந்த விதி அதை ஏற்பதில்லை. வாசிப்பு இங்கே சொத்து அல்ல, தினக்கூலி வேலை.

2014 பதிப்பில் மறதி போய்விட்டது. புத்தகத்திலிருந்து அன்றைக்கு வேண்டியதைத் தேர்ந்து தயாரித்துக்கொள்ளலாம். பிரயோகிக்கும்போது சக்தி செலவாகும், மந்திரம் அழியாது. ஆனால் புத்தகத்தின் இடம் அசையவில்லை. தொடக்கத்தில் ஆறு மந்திரங்கள், நிலை உயரும்தோறும் இரண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்தவன் புத்தகத்திலிருந்தோ சுருள்களிலிருந்தோ பெயர்த்தெழுத வேண்டும்: ஒரு படிக்கு இரண்டு மணி நேரம், ஐம்பது பொற்காசு. சும்மா காப்பி அடிக்க முடியாது. ஒவ்வொரு மந்திரவாதிக்கும் தனிக் குறியீட்டு முறை உண்டு. அதை உடைத்துப் புரிந்துகொண்டு, செய்து பார்த்து, தன் குறியீட்டில் திரும்ப எழுத வேண்டும். வாசிப்பது என்பதே மறுபடி எழுதுவதுதான் என்று நாம் பக்கம் பக்கமாக வாதாடியதை இந்த விதி ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறது.

சரி, யார் வாசிக்கலாம்? 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒன்பதாம் படி மந்திரத்துக்கு 'அறிவு' பதினெட்டு இருக்க வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் அது விழும் வாய்ப்பு 216இல் ஒன்று. அதாவது, அறிவு பிறக்கும்போதே உருட்டப்பட்டுவிட்டது. போதாததற்கு, 'ட்வார்ஃப்' எனும் சுரங்கம் தோண்டும் இனத்தார் மந்திரவாதி ஆகவே முடியாது. எல்ஃப் இனத்தார் ஆகலாம், பதினோராம் நிலை வரைக்கும்தான். மனிதர்களுக்கு மட்டும் எல்லை இல்லை. இது எதை ஞாபகப்படுத்துகிறது என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தத் தடைகளை நீக்கியது. எல்லா இனத்தாரும் புத்தகத்தைத் தொடலாம். ஆனால் அதே பதிப்பில்தான் 'சார்சரர்' என்ற புது வகை மந்திரக்காரனும் நுழைந்தான். அவனுக்குப் புத்தகம் வேண்டாம், படிப்பு வேண்டாம். சக்தி பிறவியிலேயே, ரத்தத்திலேயே ஓடுகிறது. புத்தகம் எல்லோருக்கும் என்று ஆனபோது, புத்தகமே தேவைப்படாத பிறவித் திறமை பக்கத்தில் வந்து நின்றுகொண்டது! திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கற்பனை உலகங்களும் காற்றில் முளைப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

மந்திரப் புத்தகத்தைக் குறிக்கும் 'கிரிமுவார்' என்ற பிரெஞ்சுச் சொல் 'இலக்கணம்' என்று பொருள்படும் பழஞ்சொல்லின் திரிபு. லத்தீன் இலக்கணம் தெரியாத குடியானவனுக்குப் படித்தவன் கையிலிருந்த எந்தப் புத்தகமும் மந்திரப் புத்தகமாகத்தான் தெரிந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் (1611) அடிமை கலிபன் தன் கூட்டாளிகளிடம் முதலில் பிராஸ்பரோவின் புத்தகங்களைக் கைப்பற்றச் சொல்கிறான். எஜமானனின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அடிமைக்குத்தான் சரியாகத் தெரிகிறது.

விளையாட்டின் விதிகளே ஒரு மந்திரப் புத்தகம்தானே? 1997 முதல் அது 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' கம்பெனியின் சொத்து. பெயரே மந்திரவாதிகள்! விதிகளை மற்றவர்களும் எடுத்தாண்டு வெளியிடலாம் என்று 2000இல் அது ஒரு திறந்த உரிமம் கொடுத்தது. 2023 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்று, பெரிய வெளியீட்டாளர்களிடம் பங்கு கேட்கும் வரைவு கசிந்தது. விளையாடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாசக் கடைசிக்குள் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் பொதுவாக்கியது. ஆனாலும் 'பிக்பியின் கை' என்ற மந்திரம் அந்தத் தொகுப்பில் வெறும் 'மாயக் கை'தான். மந்திரம் ஊருக்கு, பெயர் கம்பெனிக்கு.

2014 விதியில் இன்னொரு சின்ன வாக்கியம் உண்டு. சுருளிலிருந்து பெயர்த்தெழுதினால் சுருள் அழிந்துபோகும். அடுத்தவன் புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதினால் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. கொடுத்தவனிடம் எதுவும் குறைவதில்லை. பிறகு எதற்கு இத்தனை பூட்டு, இத்தனை காவல் என்பதை மந்திரவாதிகளிடம் மட்டும் கேட்டால் போதாது.