ஸ்பீக்கர் கேபிளும் என் காதும்: ஒரு கணக்கு, ஒரு சோதனை

மூன்று வருஷத்துக்கு முன்னால் 22,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 3 மீட்டர். மாட்டின அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வயலின் இன்னும் தெளிவாக, பேஸ் இன்னும் இறுக்கமாக. அதை உற்சாகமாக ஒரு நண்பரிடம் சொன்னேன். அவரும் அதே கேபிளை இ.எம்.ஐ. போட்டு வாங்கினார்.

போன மாதம் அவருக்கு போன் பண்ணி, "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டி வந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் மாற்றம் நிஜம்

இதற்கு முன் வாடகை வீட்டில் இருந்தோம். ஆம்ப்ளிஃபையர் ஒரு அலமாரியில், ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரில். கதவைச் சுற்றி ஒயர் இழுத்ததில் ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் ஆனது. போட்டிருந்தது ஸ்பீக்கரோடு வந்த மெல்லிய ஒயர், 0.5 ஸ்கொயர் எம்எம். ஒரு நாள் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் வாங்கி, சிவப்பும் கறுப்பும் சேர்த்து முறுக்கி மாட்டினேன். சத்தம் மாறியது. வீட்டில் மற்றவர்களும் சொன்னார்கள்.

இது பிரமை இல்லை. கணக்கு போட்டுப் பார்க்கலாம். செம்புக் கம்பிக்கு:

மின்தடை (ஓம்) = 0.0172 × நீளம் (மீட்டர்) × 2 ÷ பரப்பு (ஸ்கொயர் எம்எம்)

இரண்டால் பெருக்குவது ஏன் என்றால், மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.

பழைய ஒயர்: 0.0172 × 20 ÷ 0.5 = 0.69 ஓம்.
புது ஒயர்: 0.0172 × 20 ÷ 2.5 = 0.14 ஓம்.

ஸ்பீக்கரின் பின்னால் "8 ஓம்" என்று எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண்தான். உண்மையில் அது அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஓர் இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோர் இடத்தில் 20 ஓமுக்கு ஏறும். கேபிளின் மின்தடை ஸ்பீக்கரோடு தொடராக உட்கார்ந்திருப்பதால், ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் அதிகமாகத் தின்னும், 20 ஓமாக இருக்கும் இடத்தில் குறைவாகத் தின்னும். பழைய ஒயரில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 1.1 டெசிபல் வித்தியாசம் வருகிறது. புது ஒயரில் அது கால் டெசிபலுக்குக் கீழே. யாரோ டோன் கன்ட்ரோலை லேசாகத் திருப்பி வைத்த மாதிரிதான் பழைய ஒயர் வேலை செய்திருக்கிறது.

மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபையர் நிறுவனத்தில் ஒலியியல் ஆராய்ச்சியைக் கவனித்த ரோஜர் ரஸ்ஸல் ஒரு எளிய விதி சொன்னார்: கேபிளின் மொத்த மின்தடை, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். என் பழைய ஒயர் ஃபெயில். கடை ஒயர் தாராளமாகப் பாஸ்.

நான் சறுக்கிய இடம்

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது: மின்தடை போதுமான அளவு குறைந்தால் சத்தம் சரியாகும். நான் கற்றுக்கொண்டது: கேபிள் மாற்றினால் சத்தம் நல்லாகும். ஒரு உண்மையான அனுபவம்தான் அடுத்த பொய்யை நம்ப வைத்தது.

சொந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே வைத்தேன். தூரம் வெறும் 3 மீட்டர். அதே கடை ஒயர் இங்கே 0.041 ஓம்தான். நான் வாங்கிய விலை உயர்ந்த கேபிள் 4 ஸ்கொயர் எம்எம், அது 0.026 ஓம். ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கும் மோசமான இடத்தில்கூட இரண்டுக்கும் வித்தியாசம் 0.03 டெசிபல். நீங்கள் நாற்காலியில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே இதைவிட அதிகம் மாறும்.

"மின்தடை மட்டும்தானா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். அவர் எனக்குச் சொன்ன மூன்று காரணங்களையும் பார்த்துவிடுவோம்.

வெள்ளி: செம்பைவிட நன்றாகக் கடத்தும், சரி. ஆனால் சுமார் 6 சதவீதம்தான். கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி போட்டால் அது ஈடாகிவிடும்.

ஆக்சிஜன் இல்லாத செம்பு: சாதாரண மின்கம்பிச் செம்போடு ஒப்பிட்டால் கடத்துதிறனில் ஒரு சதவீத அளவுதான் வித்தியாசம்.

ஸ்கின் எஃபெக்ட்: அதிக அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் விளிம்புக்கு ஒதுங்குவது நிஜம். ஆனால் நாம் கேட்கக்கூடிய உச்சமான 20 கிலோஹெர்ட்ஸிலும் செம்பில் அந்த ஆழம் 0.46 மில்லிமீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பியின் ஆரமே 0.9 மில்லிமீட்டர்தான். மின்தடை கொஞ்சம் ஏறும். ஏறுவதே ஓமில் நூறில் சில பங்குதான். ரேடியோ அலைவரிசையில் இது பெரிய தலைவலி, வீட்டு ஸ்பீக்கரில் இல்லை.

சோதனை

கணக்கு இவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை. "நான் கேட்டேனே!" என்றுதான் தோன்றியது. சரி, சோதித்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

கையால் கேபிளைக் கழற்றி மாட்டினால் ஒரு நிமிஷம் போய்விடும். சத்தத்தின் நுணுக்கங்களை நம்மால் அவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்க முடியாது. அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரிலே வாங்கி, இரண்டு கேபிளுக்கும் நொடியில் மாறக்கூடிய ஒரு பெட்டி செய்தேன். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இது முக்கியம். துளி சத்தம் கூடினாலும் காது அதை "தெளிவு" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பாட்டு, இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹௌ டு நேம் இட்'. வயலின்தானே தெளிவாகிறது என்று சொன்னேன், அதனால்.

ஏழாவது படிக்கும் மகள் பெட்டியோடு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் காசு சுண்டி, எந்தக் கேபிள் என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். எது கடை ஒயர், எது விலை உயர்ந்தது என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுவிட்டு, மர்மக் கேபிளைச் சொல்ல வேண்டியது நான். மொத்தம் 16 முறை. 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. அதை எல்லையாக முன்கூட்டியே எழுதி வைத்தேன்.

எனக்குக் கிடைத்தது 9. கேட்காமலேயே பூவா தலையா போட்டுச் சொன்னாலும் 100 பேரில் 40 பேருக்கு 9 அல்லது அதற்கு மேல் வரும்.

என்னை உலுக்கியது அந்த எண் அல்ல. மகள் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரி: "அப்பா ரொம்ப ஷ்யூர்னு சொன்னது நாலு. அதுல மூணு தப்பு."

அப்படியானால் மூன்று வருஷத்துக்கு முன் கேட்டது என்ன? யோசித்துப் பார்த்தால், அன்று பழைய முனைகளைத் துடைத்து இறுக்கினேன். வால்யூமைக் கையால்தான் திருப்பினேன். 22,000 ரூபாய் கொடுத்தவன் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டேன். அவ்வளவுதான்.

நான் தனி ஆளும் இல்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி, 12 அடி ஜோடி 7,250 டாலர் விலையுள்ள ஒரு கேபிளைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சவால் விட்டார். பெரிய விவாதம் நடந்தது. சோதனை மட்டும் நடக்கவேயில்லை.

எங்கே செலவு பண்ணலாம்?

கேபிளே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. இந்த இடங்களில் கவனம் வேண்டும்:

1. நீளம். மேலே உள்ள சூத்திரத்தைப் போட்டு, 5 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. செம்புதானா? மலிவான ஸ்பீக்கர் ஒயர்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனுக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

3. முனைகள். தளர்ந்த இழை, பச்சை படிந்த திருகு. துடைத்து இறுக்கச் செலவே இல்லை.

4. ரீங்காரம். கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்ததும் 50 ஹெர்ட்ஸில் ஒரு "ம்ம்ம்" வந்தது. விலை உயர்ந்த ஆர்சிஏ கேபிள் மாற்றியும் போகவில்லை. இரண்டுக்கும் எர்த் வெவ்வேறு வழியாகப் போனதுதான் காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் போய்விட்டது. எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

5. ரெக்கார்ட் பிளேயர். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் கேபிளின் கெபாசிட்டன்ஸ் உச்ச ஸ்தாயியை நிஜமாகவே மாற்றும். அங்கே நீளம் குறைவான, கெபாசிட்டன்ஸ் குறைவான கேபிள் பார்த்து வாங்குங்கள்.

மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு, அல்லது ஒரு கனத்த திரைச்சீலைக்கு. அறையின் எதிரொலி செய்யும் சேதத்துக்கு முன்னால் கேபிள் ஒன்றுமே இல்லை.

நண்பருக்கு வருகிறேன். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் சந்தோஷமாத்தானேடா கேட்டுட்டு இருந்தேன், ஏன் சொன்னே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவரே வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மகள் மறுபடி நோட்டை எடுத்தாள். அவருக்கு 7.

கேபிளை விற்கவில்லை, இன்னும் அதில்தான் கேட்கிறேன். கடை ஒயரைவிட மோசமாக ஒன்றும் இல்லை.