வகுப்பறைக்கு வெளியே – 9: ஏரிக்கரையில் கணக்குப் பாடம்

செயல்வழிக் கற்றல் நம் தொடக்கப் பள்ளிகளுக்குள் எப்படி நுழைந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்கப் பரவிய அந்த முறை, பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கிப் பாயில் வட்டமாக உட்கார வைத்தது. அட்டைகளை அவர்களே எடுத்தார்கள். கை எட்டும் உயரத்துக் கரும்பலகையில் அவர்களே எழுதினார்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து பிரித்து, பாட்டும் கதையும் பொம்மையுமாகச் சொல்லிக்கொடுக்கிறது. இவையெல்லாம் நான்கு சுவருக்குள் நடப்பவை. இந்த வாரம் பள்ளியின் கேட்டைத் தாண்டுவோம்.

பல பள்ளிகளில் ‘டூர்’ என்றால் ஆண்டுக்கு ஒரு பேருந்து, விடிகாலைப் புறப்பாடு, ஒரு தீம் பார்க், நள்ளிரவில் வீடு. பணம் கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு வீட்டில் இருந்துவிடும். மறுநாள் வகுப்பு முழுக்க டூர் பேச்சாகவே இருக்க, அந்தப் பிள்ளை நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொள்ளும். ஒரே ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும் அதை வகுப்பின் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டிய பாடம் அதன் கால் நடக்கிற தூரத்திலேயே கிடக்கிறது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு போய்வந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

50 காசில் ஒரு பாடம்

மூன்றாம் வகுப்புக்கு முதல் பயணம் ஊர்த் தபால் நிலையம். முந்தைய நாளே ஒரு வீட்டுப்பாடம்: ‘உன் வீட்டு முழு முகவரியைக் கேட்டு எழுதி வா.’ பாதிப் பிள்ளைகளுக்கு முகவரி என்றால் ‘மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி வீடு’ என்பதுதான். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று வரிசையாக எழுதிப் பார்க்கும்போதே சமூக அறிவியல் பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

50 காசு அஞ்சலட்டை ஆளுக்கு ஒன்று. அதில் வீட்டில் இருக்கும் யாருக்காவது கடிதம் எழுத வேண்டும். கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15-ல் நாடு முழுக்க வந்த எண் இது. முதல் இலக்கம் 6 என்றால் அட்டை தமிழ்நாடு, கேரளம் இருக்கும் தெற்குப் பக்கம் வரவேண்டும். கடைசி மூன்று இலக்கங்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். நூறு, பத்து, ஒன்று என்று இடமதிப்பு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, எண்ணின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை உண்டு என்பது அங்கே கண்முன் தெரிகிறது. தபால்காரர் முத்திரை குத்தும் சத்தத்துக்காகவே வரிசையில் இரண்டாம் முறை நின்றவர்கள் உண்டு.

ஒரு சிறுமி தன் ஆயாவுக்கு எழுதியிருந்தாள்: ‘ஆயா, இன்னிக்கு சத்துணவுல முட்டை. நான் நல்லா இருக்கேன். நீ வெத்தல போடாத.’ சில நாள் கழித்து அட்டை வீட்டுக்கு வந்தது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தியே படித்துக் காட்டியிருக்கிறாள். “டீச்சர், ஆயா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிச்சு” என்று மறுநாள் வந்து சொன்னாள். வாசிப்புப் பயிற்சிக்கு அதைவிட நல்ல காரணம் எந்தப் பாடநூலாலும் தர முடியாது.

சந்தையும் முழமும்

வாரச்சந்தைக்குப் போக ஒரு மணி நேரம் போதும். தக்காளி கிலோவில், கீரை கட்டில், மாங்காய் கூறில், பூ முழத்தில் என்று ஒரே தெருவில் எத்தனையோ அளவுகள். இரண்டு பூக்காரம்மாக்களிடம் ஒரே விலைக்கு ஒரு முழம் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளம் ஒன்றாக இருக்காது. ஏன் என்று கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்: “அந்தம்மா கை நீளம் டீச்சர்!” அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டுதான் ஏரிக்குப் போனோம்.

மதகும் கலங்கலும்

செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் நாடு. ஊருக்கு ஒரு ஏரியாவது இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி நிரம்பி நிற்கும் மார்கழியில் ஐந்தாம் வகுப்பைக் கரைக்கு அழைத்துப் போனோம். 10 மீட்டர் கயிறு ஒன்றைத் தரையில் நீட்டிப் போட்டு, அதன் ஓரமாக நடந்து அடியெண்ணச் சொன்னோம். ஒரு பையனுக்கு 19 அடி, அவன் பக்கத்தில் நடந்த சிறுமிக்கு 22, ஆசிரியைக்கு 14. யார் எண்ணியது சரி என்று ஒரே சண்டை. எல்லாமே சரி என்றால் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருத்திதான் சந்தையை நினைவுபடுத்தினாள்: “பூ மாதிரிதான். கால் வேற வேற. அதான் மீட்டர் வெச்சிருக்காங்க.” பொது அளவு ஏன் வேண்டும் என்ற பாடத்தை அதற்குமேல் யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

மதகைத் திறந்து மூடும் பெரியவர் ஒருவரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரவழைத்திருந்தோம். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருவது, மதகு வழியாக வயலுக்குப் போவது, ஏரி நிறைந்துவிட்டால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குச் சேர்வது எல்லாவற்றையும் அவர் கையாலேயே வரைந்து காட்டினார், ஈர மண்ணில் ஒரு குச்சியால்.

“தாத்தா, அடுத்த ஊருக்கு எதுக்குத் தண்ணி விடணும்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“நமக்கு மேலூர்க்காரன் விட்டான்ல, கண்ணு? நாம கீழூருக்கு விடணும்.”

சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகள் என்று பெரியவர்கள் புத்தகத்தில் எழுதுவதை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிள்ளைகள் திரும்பியதும் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் அந்த ஏரியை வரைந்தார்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, தங்கள் பள்ளி எங்கே என்று குறித்தார்கள். அவர்கள் வரைந்த முதல் வரைபடம் அது.

கதையும் ஆவணமும்

பேருந்து வைத்துப் போனது ஒரு முறை, அதுவும் பக்கத்திலேயே. காலையில் மதுராந்தகம். ஏரிக்கரையை ஒட்டிய ‘ஏரி காத்த ராமர்’ கோயிலுக்கு ஒரு கதை உண்டு. அடைமழையில் கரை உடையப் போகிறது என்று பதறி இரவில் பார்க்கப் போன ஆங்கிலேயக் கலெக்டர் லயனல் பிளேஸ், வில்லேந்திய இரண்டு வீரர்கள் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்று ஊர் சொல்கிறது. அங்கிருந்து வேடந்தாங்கல். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் முறையிட, பறவைகளைக் காக்கும் உரிமையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் கொடுத்தவரும் அதே பிளேஸ்தான். ஒன்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. மற்றது எழுத்தில் தந்த ஆணை. இரண்டும் எப்படி வேறுபடுகின்றன, இரண்டையும் ஊர் ஏன் நினைவில் வைத்திருக்கிறது என்று பேச ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளால் முடிகிறது. வரலாறு கற்பது அங்கேதான் தொடங்குகிறது.

வேடந்தாங்கல் ஏரி பரப்பில் சிறியது, ஏறக்குறைய 30 ஹெக்டேர். நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் கூடுகளால் நிறைந்துவிடும். பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த வேலை ஒன்றுதான்: மூன்று பறவைகளின் அலகை வரைந்து, அது என்ன தின்னும் என்று ஊகித்து எழுத வேண்டும். கரண்டிவாயனின் தட்டையான அலகு, பாம்புத்தாராவின் ஈட்டி அலகு, மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் நத்தைகுத்தி நாரையின் அலகு. பெயர்களைக் கேட்டதும் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதியைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதைக் கேட்டபோது, ஊர்மக்கள் ஏன் பறவைகளுக்காகக் கலெக்டரிடம் போனார்கள் என்பது அவர்களுக்குத் தானாகப் புரிந்தது.

முன்னும் பின்னும்

பயணம் பாடமாவதும் வெறும் ஊர்சுற்றலாவதும் அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பொறுத்தது. போவதற்கு முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியாவது எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், புறப்படும்போதும் திரும்பும்போதும் வருகைப் பதிவு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றில் சமரசமே கூடாது. ஏரிக்கரையில் தண்ணீர்ப் பக்கம் பெரியவர்கள்தான் நடக்க வேண்டும். திரும்பி வந்ததும் அந்த வாரத்துக்குள் வரைவது, எழுதுவது, மற்ற வகுப்புக்குச் சொல்லிக்காட்டுவது என்று ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். செலவு பிள்ளையின் தலையில் விழக் கூடாது.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத் தன் வழிகாட்டு நெறிகளில் முதலாவதாக வைத்தது 2005-ன் தேசியக் கலைத்திட்ட வரைவு. அந்த நெறியை நடைமுறையாக்கப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஒரு ஆசிரியர், ஒரு கயிறு, பதில் சொல்லப் பொறுமையுள்ள ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் இருந்தால் போதும்.

அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். தபால் நிலையமோ, கூட்டுறவுச் சங்கமோ, தறிக்கூடமோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றால், வேலை கெடுகிறது என்று விரட்டாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் கேட்பதற்கு, தெரிந்த மட்டும், சுருக்கிச் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். யாரும் வரவில்லையென்றால் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் நீங்களே சொல்லிவையுங்கள்: “பிள்ளைகளை அனுப்புங்கள், நான் காட்டுகிறேன்.”

(தொடரும்)