கோடியக்கரையின் பூநாரைகள்

தஞ்சைத் தரணியின் நெல்வயல்களைக் கடந்து, வேதாரண்யத்து உப்பளங்களின் ஓரமாகத் தெற்கே சென்றால், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில், 1967-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கோடியக்கரையை அடையலாம். சீத தேசங்களிலிருந்து வந்திறங்கும் உள்ளான்கள் சேற்றில் இரை தேடும் காட்சி ஒருபுறமிருக்க, என் மனத்தை முற்றும் கவர்ந்தது பூநாரையே. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் விளிம்பில் சீப்புப் பற்களைப் போல் அமைந்த மெல்லிய தகடுகளில் தங்கும் பாசியையும் சிற்றுயிர்களையும் அது உண்கிறது. அவ்வாகாரத்திலுள்ள வர்ணப் பொருளே அதன் சிறகுக்கு ரோஜா நிறம் அளிக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவையியல் அறிஞர் ஸாலிம் அலியின் காலந்தொட்டு, இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் யாத்திரையை ஆராய்ந்திருக்கின்றனர். 2002-இல் கோடியக்கரைக்கு, ஈரநிலங்களுக்கு வழங்கப்படும் ராம்சார் தலம் என்னும் சர்வதேச அந்தஸ்தும் கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலேயே தொலைநோக்கியுடன் செல்லுங்கள். பறவைகளைக் கலைக்காமல் தூரத்தில் நின்றே பாருங்கள்.